கேமரா பதினொன்று

பன்னிரண்டு கேமரா, ஒரு பெட்டி, நானூறு மீட்டர் ஒயர்.
தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு
மூன்று நாளில் கண் வைத்துத் தர ஒப்பந்தம்.
கல்லில் ஆணி கூடாது என்றார் எழுத்தர் அர்த்தனாரி.
தூணில் துளை கூடாது.
சாமிக்கு நேரே கூடவே கூடாது.
பிறகு எதிலங்க மாட்டுறது?
"அதுக்குத்தான உங்களக் கூப்பிட்டிருக்கோம்."

முதல் நாள் வேலை ஓடவில்லை.
யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை.
விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.
வாயைச் செதுக்கிவிட்டு உருண்டையை உள்ளே வைக்கவில்லை.
உருண்டையை விட்டுவிட்டு
மிச்சத்தையெல்லாம் வாயாக்கியிருக்கிறான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து
தொண்டை வரை கைவிட்டுப் போகிறார்கள்.
தேய்ந்து வழவழத்த அந்தப் பல்லுக்கு
கேமரா நான்கு.

ஒரு பசு தினமும் இந்த மேட்டில் வந்து
தானாகப் பால் சொரிந்துவிட்டுப் போனதாம்.
மறைந்திருந்து பார்க்க ஆள் வைத்தார்களாம்.
அப்படித்தான் லிங்கம் கிடைத்ததாம்.
"அப்பவே கண்காணிப்பு இருந்திருக்குங்க" என்றேன்.
அர்த்தனாரி சிரிக்கவில்லை.

வெளியே தெருவெல்லாம் விசைத்தறி.
மதில் தாண்டி வரும்போது அது மழைச் சத்தமாகிவிடுகிறது.

இரண்டாம் நாள் வாலியிடம் வந்தேன்.
ஒரு தூணில் அண்ணனும் தம்பியும் கட்டிப் புரள்கிறார்கள்.
தள்ளி இன்னொரு தூணில் இராமன், நாணில் அம்பு.
இராமனின் தோளுக்கு ஏணி போட்டுப் பார்த்தால்
வாலி தெரிகிறான், நெஞ்சு முழுக்க.
வாலியின் காதருகே தலையை வைத்துப் பார்த்தால்
தூண்.
தூண்.
இடையில் இருட்டு.

ஏணியை ஒரு முழம் நகர்த்தினேன்.
லென்ஸை மாற்றினேன்:
ஆறு மில்லிமீட்டர், நான்கு, இரண்டு புள்ளி எட்டு.
இராமன் இல்லை.
பிளைண்ட் ஸ்பாட் என்போம் எங்கள் தொழிலில்.
அதை ஒழிக்கத்தான் எனக்குக் கூலி.
அதைச் செதுக்கி ஒருவன் கூலி வாங்கியிருக்கிறான்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
ஆறு வருஷம் பற்றவைத்தேன்.
ஒரு சனிக்கிழமை, கணக்கு முடிந்ததும்
உள்ளே உட்காரவைத்துப் படம் காட்டினார்கள்.
என் கை தட்டுக்குப் போகிறது,
தட்டிலிருந்து மடிக்கு வருகிறது.
மடியில் இருந்தது வியர்வை துடைக்கும் துணி.
படத்தில் துணி விழவில்லை.
கை விழுந்திருந்தது.
கேமரா சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்ததாம்.
அந்தக் கடிகாரத்தில்தான்
ஆறு வருஷமும் சோற்று நேரம் பார்த்தேன்.

பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
எய்கிற பக்கம் நின்றுவிடலாம் என்று
நினைத்தேனோ என்னவோ.

மூன்றாம் நாள் மாசி ஒன்பது, அது எனக்குத் தெரியாது.
பெட்டியைத் திறந்து எல்லாத் திரையையும் ஓடவிட்டு
அர்த்தனாரியிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.
உண்டியல், மடைப்பள்ளி, செருப்பு வைக்குமிடம்.
ஆறு மணி ஆகவில்லை.
மேற்கு வாசலைப் பார்க்கும் கேமரா ஒன்று
திடீரென்று வெளுத்தது.
கோபுரம் இல்லை, கதவு இல்லை, ஆள் இல்லை,
சுண்ணாம்பு அடித்தாற்போல் திரை.
"பழுதுங்களா?" என்று கேட்க வாயெடுத்தவர்
கேட்காமல் எழுந்து ஓடினார்.
நந்தியின் கொம்புக்கு நடுவே புகுந்து
வெயில் உள்ளே சாமிமேல் விழுகிறது
என்று யாரோ கத்தினார்கள்.
மணி அடித்தது.
எனக்கு இருக்கையை விட்டு எழத் தோன்றவில்லை.
வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான்மேல்
விரல் இருந்தது. அழுத்தவில்லை.

கண் ஈரமாகத் திரும்பி வந்தவர்
திரையில் ஒரு மூலையைத் தொட்டார்.
"இது என்னங்க, பதினொண்ணு? ஒண்ணுமே தெரியல?"
வாலிக்குப் பக்கத்துல வச்சதுங்க.
"அவரு என்ன பாக்கறாரு?"
இதத்தானுங்க.
கொஞ்ச நேரம் அவரும் பார்த்தார்.
இரண்டு தூண், நடுவே இருட்டு,
குறுக்கே ஒரு வௌவால்.

நோட்டில் அதற்கு நேராக
"மண்டபம், பொது" என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டார்.