மாசிக்காய் மை

பெட்டி எண் பதினேழு.
ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது,
ஒரு மூலையில் மெழுகு சொட்டியிருக்கிறது,
நடுவில் ஒபதாயா த்ரெல்கெல்டின் கையெழுத்து
எதிர்மழையில் நடப்பவனைப் போல
முன்சாய்ந்து, முன்சாய்ந்து.

இந்த மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதி.
ஒரு பாலத்துக்கு அவர் பெயர், மூன்று பள்ளிகளுக்கு அவர் பெயர்,
நான் காப்பி வாங்கும் கடைக்கும் அவர் பெயர்தான்.
குதிரையில் ஊர் ஊராகப் போய்
சாராயக்கடை மேசையில் வழக்குக் கேட்டவர்.
ஒருநாள் தாமதமாக வந்தவர் தனக்கே ஒரு டாலர் அபராதம் விதித்து,
பையில் காசில்லாமல்
எழுத்தரிடம் கடன் வாங்கிக் கட்டினாராம்.
எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.
இப்போதும் பிடிக்கிறது, அதுதான் தொல்லை.

என் மேசையில் இருப்பது படகுத்துறைத் தீர்ப்பு.
டாம்சின் ரக்கிள் என்ற விதவையின் துறையை
ஆளுநரின் மைத்துனனுக்கு எழுதிக் கொடுத்தது சட்டமன்றம்.
செல்லாது என்றார்.
சட்டமன்றம் எழுதினாலும் செல்லாது என்றார்.
அதுவரை அப்படி ஒருவரும் சொன்னதில்லை.
‘மாநிலமே படகேறினாலும்
கூலி கொடுத்துத்தான் ஏற வேண்டும்.’
நீதிமன்ற வாசலில்
கல்லில் வெட்டியிருக்கும் வரி.

கல்லில் இருக்கிறது. தாளில் இல்லை.
தாளில் ‘கூலி’ இருந்த இடத்தில் ஓட்டை.

பழைய மை அப்படித்தான்.
மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின்.
அன்னபேதி அளவு மீறினால்
எழுதியதையே அரித்துத் தின்னும்,
இறகை அழுத்திய இடத்தில் முதலில்.
அந்தச் சொல்லை அவர் அழுத்தித்தான் எழுதியிருக்கிறார்.

திருப்பினேன்.
தாளை வீணாக்காத மனிதர்;
பின்பக்கம் வீட்டுக் கணக்கு.
லாடம் நான்கு. சர்க்கரைக் கட்டி ஒன்று.
கெஸியா, வயது பத்தொன்பது, பல் நன்று,
இருநூற்றுப் பத்து டாலர்.
மாசிக்காய் இரண்டு பவுண்டு,
கெஸியாவிடம், மை காய்ச்ச.

லாடத்துக்கும் அவளுக்கும்
ஒரே அளவு இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார்.
கோடு போட்ட தாளில்லை, ஆனாலும் வரி கோணவில்லை.
அவள் பெயருக்குப் பக்கத்தில்
முன்பக்கத்து ஓட்டை.

அடுப்படிப் புகையில் நின்று அவள் கிண்டியிருப்பாள்.
விரல்கள் வாரக்கணக்கில் கருத்திருக்கும்.
அவளுக்கு எழுதத் தெரியுமா, தெரியாது எனக்கு.
காய்ச்சியது என்ன சொல்லப் போகிறது என்று
காய்ச்சும்போது தெரிந்திருக்குமா?

இருநூறாவது ஆண்டு விழாவுக்கு
ஒருபக்கக் கண்ணாடிச் சட்டம் போதும் என்கிறார்
இயக்குநர் ஆஸ்ட்ராண்டர். முன்பக்கம் மட்டும்.
ஓட்டையை அடைத்துவிடு,
முடிந்தால் அந்தச் சொல்லையும் மெல்லியதாக எழுதிவிடு.
நல்ல மனிதர். மகளின் திருமணச் செலவில் இருக்கிறார்.

கணக்கின் கடைசி வரியைப் பிறகுதான் படித்தேன்,
பூதக்கண்ணாடியில், தலைகீழாக:
‘இம்மாத மை மிகக் காரம்.
இறகு முனை அரிக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டும்.’

சொன்னாரா?
கை தவறிக் கொட்டினாளா,
தராசில்லாமல் குத்துமதிப்பாகப் போட்டாளா,
அல்லது
இல்லை, அதை எழுத எனக்குச் சான்றில்லை.
ஊகத்தை ஒப்பாதவர் அவர்; அவர் தீர்ப்புகளைப் படித்தே
இந்தப் பழக்கம் எனக்கு வந்தது.

கோதுமைப் பசை தடவி, ஈசல் சிறகு போன்ற தாளை ஒட்டினேன்.
இனி அரிக்காது. சொல்லை எழுதவில்லை.
இருபக்கக் கண்ணாடிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்,
அவர் மறுக்கலாம்.

படிவத்தில் ஒரு கட்டம்:
சேதத்துக்குக் காரணம்.
‘மை’ என்று எழுதினேன்.
அடுத்த கட்டம், தயாரித்தவர்.
இத்தனை ஆண்டுகளில் அதை நான் நிரப்பியதே இல்லை;
தெரியாது என்று கோடு இழுப்பது வழக்கம்.

கெஸியா, என்று எழுதினேன்.
குடும்பப் பெயருக்கு விட்ட இடம்
அப்படியே இருக்கிறது.