ஆறு வாரம் வெறும் தண்ணீர்

ஒஸ்ட்ராவாவில், டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்பு அறைக்கு
நூற்றிருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை
யாரோ நன்கொடையாகத் தந்துவிட்டுப் போனார்கள்.
மணல் உண்டு, ஒரு மரவேர் உண்டு, மீன் இல்லை.
பொறுப்பு: செவிலி போஹ்தானா என்று
என் பெயரை எழுதிவைத்தார் மேற்பார்வையாளர்,
நான் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து.

என்ன மீன் வேண்டுமென்று நோயாளிகளிடம் கேட்டேன்.
அது என் முதல் தப்பு.

ஹினெக் ஐயா ஆஸ்கார் கேட்டார்.
சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் வளர்த்தாராம்,
கையிலிருந்தே மண்புழு வாங்கித் தின்னுமாம்,
ஆளைத் தெரியுமாம்.
முக்கால் முழம் வளருமே என்றேன். வளரட்டும் என்றார்.
கூட விட்ட மீன்கள் என்ன ஆயின என்றேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

க்வியெட்டா அம்மாளுக்குச் சண்டைமீன்,
நீலத்தில், கொசுவம் வைத்த வாலோடு.
அந்த வாலைக் கடித்துக் குதறுகிற
புலிக்கோட்டு பார்ப்தான் வேண்டுமென்று நின்றான்
மூன்றாம் இருக்கை டாலிபோர்.
யாரோ தங்கமீன் என்றார்கள். அதற்குக் குளிர்ந்த நீர்.
கப்பிக்குக் கடின நீர், நியானுக்கு மென்னீர்.

பத்துப் பொருத்தம் பார்த்த வீட்டிலேயே பாத்திரம் பறக்கிறது.
எனக்குக் கிடைத்தவை மூன்றே:
வெப்பம், நீரின் கடினம், வாயின் அகலம்.
கடைசிப் பொருத்தம் தட்டினால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.
வாய்க்குள் அடங்குகிற எதையும்
மீன் அண்டை வீட்டான் என்று நினைப்பதில்லை.

முதலில் தண்ணீர் பழுக்கட்டும் என்றார் கடைக்காரர்.
வடிகட்டியின் பஞ்சில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியேற வேண்டும்,
மீனின் கழிவைத் தின்று தீர்க்க.
"அதாவது இதற்கு இன்னும் சிறுநீரகம் முளைக்கவில்லை"
என்றார் க்வியெட்டா அம்மாள், ஊசிக்குக் கையை நீட்டியபடி.
அறை முழுக்கச் சிரித்தது.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அப்புறம் வாரம் மூன்று நாள்
வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.
தங்கள் கிரியாட்டினினை மனப்பாடமாய்ச் சொல்கிறவர்கள்
தொட்டியின் கணக்கையும் கேட்டார்கள்.
அம்மோனியா எவ்வளவு? இறங்குகிறதா? நைட்ரைட்?
டாலிபோர் சுவரில் வரைபடம் ஒட்டினான்.
சோதனைக் குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்த
அந்த வியாழக்கிழமை யாரோ கைதட்டினார்கள்.
எங்கள் இயந்திரங்களுக்கென்று சுத்திகரித்த நீரில்
இரண்டு வாளி கொண்டுவந்து
குழாய் நீரோடு கலந்தான் ராடிம்.
ஒரே நீர் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

முதலில் வந்தவை பன்னிரண்டு ரஸ்போரா,
செம்பு நிறம், பின்பாதியில் கறுப்பு முக்கோணம்.
பதினைந்து நாள் கழித்துத் தரைக்கு ஆறு கோரிடோராஸ்,
மீசைக்காரர்கள். எண்ணிக்கை குறைந்தால் பயந்து ஒளிவார்கள்.
மேல்தட்டில் தேன்நிற குராமி, ஒன்றே ஒன்று, பரம சாது.
யாரும் கேட்ட மீன் ஒன்றுகூட இல்லை.

"மீனா இது? தேயிலைத் தூள்" என்றார் ஹினெக் ஐயா.
மூன்று வாரம் அதையே சொன்னார்.

நேற்று திங்கள். ஆஸ்பத்திரி வண்டிக்குக் காத்திராமல்
டிராம் பிடித்து ஆறரைக்கே வந்துவிட்டார்.
கோட்டைக் கழற்றவில்லை.
பதினொன்றுதான் இருக்கிறது என்றார்.
எது?
ரஸ்போரா.
எண்ணினேன். பத்து வந்தது. மறுபடி, பதின்மூன்று.
நிற்காத ஒன்றை எண்ணுவது எப்படி என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.
எடை பார்க்க வாருங்கள் என்றேன்.
"பன்னிரண்டாவதைக் காட்டு, வருகிறேன்."

மரவேருக்குப் பின்னால், வடிகட்டிக் குழாயின் ஓரம்,
நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துத் தனியே நின்றது.
விரல் வைத்துக் காட்டினேன்.
மூச்சு கண்ணாடியில் படியும்வரை குனிந்து பார்த்தார்.
பிறகு ஷூவைக் கழற்றி எடைமேடையில் ஏறினார்.

எழுபத்தொன்று.
இரண்டு கிலோ தண்ணீர் கூடுதல்.