கால் மேல் கால்

வலது பிட்டத்தில் தொடங்கி
தொடைக்குப் பின்புறமாகக்
கெண்டைக்கால் வரைக்கும் ஒரு சூட்டுக்கோடு.
வாய்வு என்றாள் பக்கத்து மெஷின் மயிலாத்தாள்,
பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னாள்.
தின்றேன்.
ஷிப்ட் முடியும்வரை வாய்தான் நாறியது.

பதினஞ்சு வேலம்பாளையத்தில்
மருந்துக்கடை மாடியில் பிசியோதெரபி.
"உள்ள பேரிக்காயாட்ட ஒரு தசை இருக்குதுங்க்கா,
அதுக்கு அடியிலதான் நரம்பு போவுது.
தசை இறுகுனா நரம்பு நெரியும்."

பேரிக்காயை விடுங்கள்.
ஓவர்லாக் மெஷினில் டென்ஷன் ஸ்க்ரூ
ஒரு சுற்று கூடிப்போனால்
நூல் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.
தையல் சுருங்கும். சுண்டும். பட்டென்று அறும்.
பதினோரு வருஷமாக நான் பெடலை மிதிக்க மிதிக்க
யாரோ எனக்குள்ளே திருகிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"அரைத்திருகு தளத்தோணும், அவ்வளவுதானுங்களே?"
சிரித்துவிட்டாள்.
"ஒரே நாள்ல தளராதுங்க்கா."

லைன் வீட்டில் பாயை விரித்தால்
கேஸ் சிலிண்டரில் தலை இடிக்கும்.
மல்லாந்து படுத்து
வலது கணுக்காலை இடது முட்டிமேல் வைத்து
இடது தொடையை மாரோடு இழுத்துப் பிடிக்க வேண்டும்,
முப்பது எண்ணும்வரை.
பிறகு ஒருக்களித்து,
குதிகால் இரண்டும் பிரியாமல்
மேல்முட்டியை மட்டும் சிப்பி மாதிரித் திறக்க வேண்டும்.
சிப்பி திறந்து நான் பார்த்ததில்லை.
நைட்டியோடு அதைச் செய்ய
கதவைத் தாழ்போட வேண்டியிருக்கிறது.
இடுப்பைத் தூக்கிப் பாலம் கட்டி நிற்கையில்
பக்கத்து வீட்டு மிக்சி ஓடும்,
என் தொடையும் கூடவே நடுங்கும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை.
முப்பது எண்ணுவதுதான் கஷ்டம்.
முப்பது விநாடியில் நான்
ஒரு பனியனுக்கு இரண்டு கையும் ஏற்றிவிடுவேன்.
பாயில் கிடந்து எண்ணினால்
கூடையில் பீஸ் எதுவும் விழுவதில்லை.
சனிக்கிழமைக் கணக்கில் வராத முப்பது.
முதல் வாரம் பதினெட்டிலேயே விட்டுவிட்டு
எழுந்து அரிசி களைந்தேன்.

நாலாவது வாரம்
வலி கெண்டைக்காலைக் காலி செய்து
தொடைக்கு ஏறியிருந்தது.
ஏறினால் நல்லதாம்.
சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரமரவென்று,
வாடகைப் பாக்கி மாதிரி.

கம்பெனியில் செய்ய ஒன்று சொல்லியிருந்தாள்.
ஸ்டூலில் உட்கார்ந்து
வலது கணுக்காலை இடது முட்டிமேல் போட்டு
முதுகு வளையாமல் முன்னால் சாய வேண்டும்.
பதினொரு மணி டீ.
மெஷின்கள் ஓய்ந்து ஃபேன் சத்தம் மட்டும்.
போட்டேன்.
நாற்பத்தொரு வயதுக்கு
ஆம்பளைகள் இருக்குமிடத்தில் முதல்முறையாக
கால் மேல் கால்.

பத்தொன்பதில் சூப்பர்வைசர் வந்து நின்றார்.
மயிலாத்தாள் டம்ளரை
வாய்க்கிட்டே வைத்தபடி குடிக்காமல் இருந்தாள்.
"என்னுங் அம்மணி,
மொதலாளியம்மா ஆயிட்டீங்களாட்ட இருக்குது?"

கால் தானாகவே இறங்கப் பார்த்தது.
அதற்கு அப்படித்தான் பழக்கம்.
கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன்.
இருபத்துமூன்று.
இருபத்துநாலு.
"இன்னும் ஆறு இருக்குதுங்."

"எது ஆறு?"

பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும்.
அவர் என் வாயைப் பார்த்தார், அப்புறம் செருப்பை,
அப்புறம் கூடையில் பாதியில் கிடந்த கட்டை.

முப்பது.

காலை இறக்கினேன்.
பெல் அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.
இடது காலைத் தூக்கிப் போட்டேன்.