பதினைந்து ஆம்பியர்

ஜெலுத்தோங் கடலோரச் சாலையில்
மழை கொட்டிக்கொண்டிருக்கையில்
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது.
அங்சானாக் குச்சி ஒன்று, விரல் தடிமன்தான்,
அதன் கைக்கடியில் சிக்கியிருந்தது.
மோட்டார் முக்கி முனகிப் பார்த்தது,
பிறகு சத்தமே இல்லை.

கண்ணாடி முழுக்க முன்வண்டிகளின் சிவப்பு வழிய
குளுகோர் பெட்ரோல் நிலையக் கூரைக்குள்
ஊர்ந்து நுழைந்தேன்.
பின்னால் இருந்தவள் சுஹைலா,
தாதியர் பயிற்சி மாணவி,
ஏழு நாற்பதுக்குக் கோத்தா பாருவுக்கு விமானம்,
மடியில் ஒரு பை ஜாதிக்காய் ஊறல்.
நேரமாகுமா என்று மலாயில் கேட்டாள்.
தெரியாது என்றேன், அதுவும் மலாயில்.

ஃபியூஸ் பெட்டி வலது முழங்காலுக்கு எதிரில்.
நாற்பத்தாறு வயது இடுப்பை வளைத்துத்
தலையை பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்தால்தான் தெரியும்.
அவளே இறங்கி வந்து
போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.
ஊசி போடப் பழகிய கை. ஆடவில்லை.

மூடியின் உள்பக்கம் எறும்பெழுத்தில் படம்.
மஞ்சள் இருபது, நீலம் பதினைந்து, சிவப்பு பத்து.
அங்கே இருக்கவேண்டிய மாற்று ஃபியூஸ்
ஒன்றுகூட இல்லை.
வைப்பருடையதைக் குட்டி இடுக்கியால் பிடுங்கினேன்.
கம்பி அறுந்து
இரண்டு முனையிலும் ஒரு புள்ளிக் கரி.

பின் கண்ணாடியைச் சூடாக்கவென்று ஒன்று இருந்தது.
அதுவும் மஞ்சள்.
இந்த ஊர் வெயிலில் கண்ணாடிக்குச் சூடு!
எட்டு வருடமாக மாப்பிள்ளை முறுக்கோடு
சும்மா உட்கார்ந்திருக்கிறது.
வாய்யா, உனக்கு வேலை வந்திருக்கு.

அப்போதுதான் பக்கத்து வரிசையில் ஏதோ மின்னியது.
சிகரெட் லைட்டர் துளைக்கான இடத்தில்
நீலம் இல்லை.
வெள்ளித்தாள். நாலாக மடித்துத் திணித்தது.
முகர்ந்தேன்.
கிராம்பு.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில்
கற்பூரத்தைத் தொட்டு
“இன்னையோட விட்டேன் வேதா” என்றான் மகிழரசன்.
அத்தனை கூட்டத்தில் எனக்கு அழுகை வந்தது.

போன மாதம் ஜொகூரிலிருந்து வந்தவனிடம்
சார்ஜர் ஏறவில்லை என்று சொன்னேன்.
கீழே போனான். பத்து நிமிடம்.
“சரியாயிடுச்சு, போய்ப் பார்.”
என் வீட்டுக்காரருக்குக் கைவேலை தெரியும் என்று
மேல்மாடி சொர்ணத்திடம்கூடச் சொன்னேன்.

தாளுக்கு அளவு கிடையாது.
எவ்வளவு வந்தாலும் போ போ என்று விடும்,
அறுந்துபோகத் தெரியாது அதற்கு.
வயரின் உறையைத் தொட்டேன்.
இளகி ஒட்டியது.
ஒரு மாதமாக இதன் எதிரில் முழங்காலை வைத்து
ஊர் சுற்றியிருக்கிறேன்.

“அது என்ன?” என்றாள் சுஹைலா.
“மிட்டாய்த் தாள்.”
ஏன் அப்படிச் சொன்னேனோ.
அவளுக்கும் மூக்கு இருக்கிறது.
வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

சாவியைத் திருப்பினேன்.
வைப்பர் எழுந்து குச்சி இருந்த இடத்தைத் துடைத்தது.
துளை செத்த துளை. போனில் பதினொரு சதவீதம்.
பாயான் லெப்பாசுக்கு எனக்கு வழி காட்ட ஆள் வேண்டாம்.
ஆறு ஐம்பத்தெட்டுக்கு இறக்கிவிட்டேன்.
ஊறலில் ஒரு பொட்டலத்தை சீட்டில் வைத்துவிட்டு
ஓடினாள்.

திரும்பும் வழியில் சுங்கை ஆரா கடையில்
ஒரு அட்டை ஃபியூஸ் வாங்கினேன்.
நீலம் மூன்று இருந்தது.
பிரிக்கவில்லை.
எட்டு நாற்பதுக்கு போன் அணைந்தது.

ஒன்பதுக்குக் கூப்பிடுவான்,
சாப்பிட்டியா என்பான். தினமும் அதே கேள்வி.
வண்டியை ஓரங்கட்டி
ஜாதிக்காயில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன்.
விரலில் இன்னும் கிராம்பு.
மழை எப்போது விட்டதென்று கவனிக்கவில்லை,
காய்ந்த கண்ணாடியில் வைப்பர் மட்டும்
கிறீச், கிறீச் என்று
போய் வந்துகொண்டிருந்தது.