யாராவது

பதினோரு மணிக்குள் இரண்டு முறை செத்துவிட்டேன்.
மணிக்கணக்கில் கூலி.
சாவுக்கென்று தனியாக எதுவும் தருவதில்லை.

குத்தாய்சி நகரின் நாடக அரங்கம்
கூரை ஒழுகி மூடியதிலிருந்து
மருத்துவக் கல்லூரியின் ஏழாம் அறையில்
நோயாளியாக நடிக்கிறேன்.
இன்று என் பெயர் எல்குஜா,
ஓய்வுபெற்ற தபால்காரன், நெஞ்சில் சளி.
அட்டையில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.
இருமலை நானே சேர்த்துக்கொண்டேன்.

கட்டிலைச் சுற்றி நான்கு வெள்ளை அங்கிகள்.
டாக்டருக்குப் படிக்கும் வாக்தாங்
பென்சிலின் என்று எழுதினான்.
மருந்தியல் படிக்கும் சூராபுக்குத் தெரியும்,
என் பழைய சீட்டில் அந்தப் பெயருக்குக் கீழே
சிவப்புக் கோடு.
தொண்டையைச் செருமினான்:
"இது கொஞ்சம்… யோசிக்கலாமோ?"
"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால்
சொன்னவனுக்குப் பிறகு பார்ப்பேன் என்று பொருள்.
கேட்டவனுக்கு, வாயை மூடு.
இரண்டு பொருளுக்கும் நடுவில் புகுந்து
மருந்து என் கைக்குள் இறங்கியது.

தடிப்பை முதலில் கண்டவன் ஓத்தார்,
மூச்சுப்பயிற்சி கொடுக்க என்னை நிமிர்த்தியவன்.
கழுத்தில் பூசிய சிவப்புச் சாயத்தைப் பார்த்தான்.
தோல் என் பாடமில்லையே என்று
போர்வையை மேலே இழுத்துவிட்டான்.

திணறினேன். நன்றாகவே திணறினேன்.
"யாராவது அட்ரினலின் கொடுங்க!"
செவிலியம் படிக்கும் நெஸ்தான் சூராபைப் பார்த்தாள்,
சூராப் ஓத்தாரைப் பார்த்தான்,
ஓத்தார் கதவைப் பார்த்தான்.

முப்பது வருடம் கடிதம் கொடுத்த எல்குஜாவைக் கேளுங்கள்:
யாராவது என்ற பெயரில்
எந்தத் தெருவிலும் ஒருவரும் குடியில்லை.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விளக்கைப் போட்டார்கள்.
நோயாளிக்கு என்ன தோன்றியது என்று கேட்பது வழக்கம்.
பிணம் எழுந்து உட்கார்ந்து கேட்டது:
உங்களுக்குள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியுமா?
மூன்று வருடமாக ஒரே கடையில்
பாலாடைக்கட்டி ரொட்டி தின்கிறவர்கள்
அடுத்தவர் சட்டையில் குத்திய அட்டையை
எட்டிப் படித்தார்கள்.

மூன்றாம் முறை,
மருந்து ஏறிவிட்ட இடத்திலிருந்து.

"கழுத்தில் தடிப்பு. எனக்கு இது சரியாகத் தெரியாது,
ஆனாலும் சொல்கிறேன்."
"நெஸ்தான், அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடையில்."
"அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடையில்."
"ஆமாம்."
"கொடுத்தாச்சு."

மேடையில் நாங்கள் செய்வதும் இதுதான்.
எதிரே நிற்பவனின் கடைசிச் சொல்
காதில் விழாமல்
என் வசனத்தை எடுக்கமாட்டேன்.

நெஸ்தானின் கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.
பிழைத்துக்கொண்டேன்.
சூராபின் உதடுதான்
கடைசிவரை திறந்து திறந்து மூடியது.

இரண்டு மணிக்கு அடுத்த குழு.
சாயத்தைக் கழுவாமல்
ஜன்னலருகே நின்று ஆப்பிள் கடித்தேன்.
கீழே ரியோனி ஆறு கல்லோடு சண்டை போட்டது.
சூராப் வந்து பக்கத்தில் நின்றான், வெகுநேரம்.
"உங்க நிஜப் பெயர் என்ன?"

சொன்னேன்.
திருப்பிச் சொன்னான்.
ஓர் எழுத்து தவறியது.
மறுபடி சொன்னேன்.