பல்லி செத்த வீடுகள்

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு
இந்தப் பக்கம் என் வீடு.
வாஷிங் மெஷின்
தண்ணீரை வயிற்றோடு பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்று நின்ற மூன்றாம் நாள்
அவன் வந்தான்.
சட்டைப் பையில் பெயர்: சுனோஜ்.
பாலக்காட்டுக் கம்பெனி என்றான்.
"கோயமுத்தூர் ஆளுக ஸ்க்ரூவைத் தொட்டாலே காசும்பாங்க.
நாங்க அப்படியில்லைங்கக்கா."

டீ கேட்கவில்லை.
செருப்பை வாசலிலேயே கழற்றினான்.
இந்த இரண்டுக்காகத்தான் நம்பியிருக்கிறேன்.

அரைமணி நேரம் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்தான்.
நான் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன்.
எழுந்தபோது கையில் ஒரு போர்டு,
பச்சைத் தகட்டில் கருகல்,
கருகலின் நடுவில் ஒட்டிக்கொண்டு
ஒரு பல்லிக்குஞ்சு. வாலில்லை.
"சூடு தேடி உள்ள போயிருக்குதுங்க.
ஷார்ட் ஆயிருச்சு. போர்டே போச்சு."

நான் போர்டைப் பார்க்கவில்லை.
பல்லியைத்தான் பார்த்தேன்.
என் வீட்டுச் சுவரில் ஓடியதுதானே,
விளக்குமாற்றால் நானே விரட்டியதாகவும் இருக்கலாம்.
பாவம் என்றேன்.
பாவத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு.

ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைக்க அறுபது.
எண்பது சேலைகளின் கீழ்விளிம்பை
வாலில்லாத ஒரு பல்லி தின்றுவிட்டது.

மெஷின் ஓடியது. நன்றாகவே ஓடியது.
அவன் போன பிறகு ஜன்னல் விளிம்பில்
ஈரமாக ஒரு ஜாக்கெட் கொக்கி கிடந்தது.
நம்முடையதுதானே என்று துடைத்து
டப்பாவில் போட்டேன்.
அவ்வளவுதான் யோசித்தேன்.

பதினோரு நாள் கழித்து
மைமூனுக்கு ஜாக்கெட் கொடுக்க
அந்தப் பக்கம் நடந்தேன்.
தக்காளி லாரிகள் சீட்டுக்காக நின்றிருந்தன.
என்ன ஏற்றியிருக்கிறாய், எங்கே போகிறாய்,
லாரியைக் கேட்கிறார்கள்.
டூல்ஸ் பையோடு பைக்கில் போகிறவனை
யார் கேட்பது?

மைமூன் வீட்டில் அதே குரல்.
"பாலக்காட்டு ஆளுக ஸ்க்ரூவைத் தொட்டாலே காசும்பாங்க.
நாங்க கோயமுத்தூர்க் கம்பெனிங்க."
பையில் பெயர்: கனகராஜ்.
கையில் போர்டு.
"சூடு தேடி உள்ள போயிருக்குதுங்க."
"யா அல்லா, பாவம்" என்றாள் மைமூன்.

"இந்தப் பல்லி எங்க வீட்ல செத்ததுங்க" என்றேன்.

கத்தவில்லை.
கூட்டத்தில் சொந்தக்காரர் ஒருவரை
அடையாளம் காட்டுகிற மாதிரிதான் சொன்னேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
"எல்லா ஊர்லயும் பல்லி இருக்குதுங்கக்கா."
"எல்லாத்துக்குமா வாலில்லை?"

செருப்பை மாட்டாமல்
கையில் எடுத்துக்கொண்டு போனான்.
போர்டு மேஜையிலேயே கிடந்தது.
மைமூன் டார்ச் அடிக்க
நான் கீழே குழாயைக் கழற்றினேன்.
பாவாடை நனைய நனையத் தண்ணீர்,
கடைசியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்,
துவைத்துத் துவைத்து வெளுத்து.

மறுநாள் ஒரு பையன் வந்தானாம்,
பதினாறு வயதுகூட இருக்காதாம்.
அண்ணன் போர்டை மறந்து வெச்சுட்டாருங்க.
"அசல் சாமான் தம்பி,
நாலாயிரத்து எண்ணூறு ஆகும்" என்றாளாம் மைமூன்.
பையன் சிரித்துவிட்டானாம்.
சிரித்ததற்குப் பயந்து
அப்படியே திரும்பிப் போய்விட்டானாம்.

பல்லி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில்
திசைக்கொரு பலன், கிழமைக்கொரு பலன்.
செத்த பிறகு சொல்வதற்குப்
பலன் போடவில்லை.
எங்களுக்கு முன்னால்
எத்தனை வீட்டில் செத்ததோ அது.

என் காசு வரவில்லை. வராது.
அன்றிரவு டப்பாவைத் தரையில் கொட்டினேன்.
நூறு, இருநூறு கொக்கிகள்,
ஒன்றுபோலவே எல்லாம்.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்க் கொக்கி
இதில் எது?
இல்லை, இதற்குள் அதை
யாராவது நெஞ்சில் மாட்டிக்கொண்டு
கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப்
போயிருப்பார்கள்.