நாற்பத்தெட்டு கிலோ

அவள் ஜெயித்த முதல் ஆள் நான்தான்.
இதைச் சொல்லிச் சொல்லி
கொருக்குப்பேட்டை ரேஷன் கடையில் அரிசி அளப்பவரைக்கூடச்
சலிக்க வைத்துவிட்டேன்.

எனக்குப் பதினாறு, யூனிசுக்குப் பதினான்கு.
வயசையெல்லாம் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, எடைதான்.
பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு கட்டிய ரிங்.
நாலு மூங்கிலில் ஒன்று
யாரும் தொடாமலே ஆடிக்கொண்டிருந்தது.
மொத்தம் ரெண்டு ஜோடி கிளவுஸ்.
முன்னால் ஆடியவர்களின் வியர்வை
ஆறாத கஞ்சிபோல் உள்ளே கிடந்தது.
நான் முகம் சுளித்தேன்.
அவள் கையை நுழைத்துப் பார்த்து
"சூடா கீது" என்றாள்,
அவ்வளவுதான்.

பிறகுதான் தெரிந்தது,
அவள் அப்பா காசிமேட்டில் மீன் எடை போடுகிறவர்.
விடியக்காலை மூன்று மணிக்கு
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுவாளாம்.
வஞ்சிரம் இருபத்தாறு
சங்கரா பதினெட்டரை
யூனிஸ் நாற்பத்தெட்டு எண்ணூறு.
ஏல நோட்டில் அப்படியே எழுதுவாராம் மனிதர்.
மார்க்கெட்டுக்குப் புதிதாய் வந்த வியாபாரி ஒருவர்
"யூனிஸ்னா இன்னா மீனு, கிலோ எவ்ளோ?" என்று கேட்க
பேனாவை மூடி பாக்கெட்டில் சொருகிக்கொண்டு
"அது விக்கிறதுக்கு இல்ல" என்றாராம்.

அந்த எண்ணூறு கிராமைக் கரைக்கத்தான்
வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு
எண்ணூர் சாலையில் ஓடியிருக்கிறாள்,
ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட பாறைகள்,
மறுபக்கம் நகராத கன்டெய்னர் லாரிகள்.
கிளீனர் பையன் ஒருத்தன் பாட்டிலை நீட்ட
கொப்பளித்துத் துப்பிவிட்டுத்
திருப்பிக் கொடுத்தாளாம்.

முதல் சுற்று என்னுடையது.
எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
இரண்டாவதில்
அவள் இடது கை வந்தது.
வந்ததை நான் பார்க்கவில்லை, என் தாடை பார்த்தது.

பல்லுக்குக் காப்பு எங்கள் யாரிடமும் கிடையாது.
என் முன்பல்லில் ஒரு மூலை மண்ணில் விழுந்தது.
தேடினோம்.
அவளும் குனிந்து தேடினாள்,
கிளவுசோடு,
மண்ணைக் கிளற முடியாமல்.

அதற்கப்புறம் நான் ரிங் ஏறவில்லை.
மாமியார், மாவு மிஷின், ரெண்டு பையன்கள்.
அவள் மாவட்டம், மாநிலம் என்று போனாள்.
ரோத்தக்கில் முதல் ஆட்டத்திலேயே தோற்று
ரயிலில் கக்கூஸ் ஓரம் ரெண்டு ராத்திரி
உட்கார்ந்தே திரும்பி வந்தாள்.
மறுவருஷமும் அதே ஓரம்.
இறால் உரித்து வெந்துபோன விரல்களால்
அவள் அம்மா கைக்கட்டைச் சுற்றிவிடும்போது
கெட்டித் துணியிலும் கவுச்சி ஏறுமாம்.
வடக்கத்திப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்று கேள்வி.
மூன்றாம் வருஷம்
அந்த மூக்குகளைத்தான் குறி வைத்தாளோ என்னவோ,
தங்கம்.

ராயபுரம் மணிக்கூண்டில் பேனர்.
அதில் அவள் முகத்தைவிட
வட்டச் செயலாளர் முகம் பெரிசு.
பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு.
மேளம், சரவெடி, திறந்த ஜீப்,
மாலை அழுத்தியதில் கழுத்து தெரியவில்லை.
கையில் மாவு வாளியோடு நான்
டீக்கடைப் பந்தல் காலைப் பிடித்து எக்கினேன்.

என்னை எப்படிக் கண்டாளோ.
சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை.
ஆள்காட்டி விரலால்
தன் முன்பல்லை ரெண்டு தட்டுத் தட்டினாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.
ஜீப் திரும்புவதற்குள்
திறந்து காட்டினேன்.